சுவரில் மூன்று வருஷப் பெயின்ட்

பழைய கட்டடங்களைப் பார்க்கிற ஆபீஸிலிருந்து வந்த இன்ஜினியர். அவரோடு வந்த, படம் வரைகிற பெண். எங்கள் பூசாரி. நான். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊர்க் கோயில் சுவர் முன்னால் அன்று நின்றது இத்தனை பேர்தான்.

சுவர் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. சும்மா பார்க்க வந்தோம் என்றார் இன்ஜினியர். சும்மா வருகிறவர் கையில் உளி எதற்கு?

"இந்தச் சுண்ணாம்பெல்லாம் பின்னாடி வந்தது. இதுனாலதான் ஈரம் நிக்குது. கல்லு வரைக்கும் சுரண்டணும். கல்லுல எழுத்துகூட இருக்கலாம்."

எழுத்து கிடைத்தால் அரசாங்கப் பலகை வரும், பூட்டு வரும். பிறகு பொங்கல் வைக்க மனுக் கொடுக்க வேண்டும். பூசாரி என் முழங்கையை இடித்தார்.

வருஷா வருஷம் நோன்புத் திருவிழாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் வந்து சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வழக்கம். பழையதைச் சுரண்ட மாட்டோம். அதன் மேலேயே அடிப்போம்.

"அவங்க அடிச்சதும் கோயில்தானே சார்? எடுத்தா திரும்ப ஒட்ட முடியாது" என்றாள் அந்தப் பெண்.

அவளையும் நான் நம்பவில்லை. மிளகு வியாபாரிகளும் இப்படித்தான் வருவார்கள். ஒருவர் கடுசாகப் பேசுவார், ஒருவர் இதமாக.

ஆனால் ஈரத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். கடைசி மூன்று வருஷம் மலையிறங்கிச் சேந்தமங்கலத்துக்குச் சுண்ணாம்பு வாங்கப் போனது நான்தான். நீண்ட நாள் உழைக்கும் என்று கடைக்காரர் வெள்ளைப் பெயின்ட் கொடுத்தார். தண்ணீர் விட்டுக் கலக்கி, நல்ல சுண்ணாம்பு என்று ஊரில் சொல்லிவிட்டேன். சாமிக்குச் சுண்ணாம்புதான் ஆகும். இப்போது உண்மையைச் சொன்னால் ஊரில் தலை நிமிர முடியாது. சொல்லாவிட்டால் ஊரே அடித்த சுண்ணாம்பைக் கல் வரைக்கும் சுரண்டிவிடுவார்கள்.

சொன்னேன்.

"அடப்பாவி! அதுதான் மழைக்குக் கரையாம மினுமினுத்துச்சா? மூணு நோன்புக்கும் உன்னைய மெச்சினேனே!" என்றார் பூசாரி.

அந்தப் பெண் ஓர் ஓரத்தில் கத்தியால் நெம்பினாள். பெயின்ட் தோலாகக் கழன்று வந்தது. அடியில் சுண்ணாம்பு.

"சரிங்க, ஈரத்தை உள்ள பூட்டி வச்சது பெயின்ட்டுதான். அதை மட்டும் எடுக்கிறோம்" என்றார் இன்ஜினியர்.

"எழுதிக் குடுங்க" என்றேன்.

"ஏனுங்க, நீங்க பெயின்ட்டு வாங்குனப்ப எழுதியா குடுத்தீங்க?" என்று பூசாரி என்னைக் கேட்டார். மரியாதை திடீரென்று கூடியிருந்தது.

இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். அப்படியும் மனசு கேட்கவில்லை. சுவரில் முன்பே உடைந்திருந்த ஒரு விளிம்பில் சுண்ணாம்பு அடுக்கடுக்காகத் தெரிந்தது. நகத்தால் எண்ணினேன். முப்பத்து நான்கு.

வேலை ஆறு நாள் நடந்தது. ஆறு நாளும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கிளம்பிய பிறகு அதே இடத்தில் மறுபடியும் எண்ணினேன்.

முப்பத்து நான்கு.