வாஸ்கோடகாமாவும் மோர்மிளகாயும்

வாஸ்கோடகாமாவின் வருகையால் நமக்கு விளைந்தது நன்மையா, தீமையா என்பது பாடசாலை விவாதப் போட்டியின் தலைப்பு. எனக்கு விழுந்த பக்கம் நன்மை. அதை வீட்டில் போய்ச் சொன்னது பிழையாகிவிட்டது.

வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருந்த எங்கள் மாடிவீட்டில் பெரியப்பாவும் எங்களோடு இருந்தார். கந்தோரில் வேலை முடிந்து வந்தால் சரித்திரப் புத்தகமும் கையுமாக இருப்பார். அவரிடம்தான் உதவி கேட்டுப் போனேன்.

"கோயில் இடிச்ச சனத்துக்கு வழி திறந்துவிட்டவன். அவனுக்கு நீ வக்காலத்தோ?" என்றார். "ஒரு நன்மையைக் காட்டு பாப்பம். காட்டினால் நானே வந்து முன்வரிசையில இருந்து கை தட்டுறன்."

பெரியப்பா எவருக்கும் கை தட்டி நான் கண்டதில்லை. அண்ணா பரிசு வாங்கிய அன்றும் கைகளைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆகவே வெற்றிக் கோப்பையைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அன்னாசி, கொய்யா, பப்பாசி, எல்லாவற்றுக்கும் மேலாக மிளகாய், இவையெல்லாம் அந்தக் கடல்வழியால் போர்த்துக்கேயரோடு வந்தவை என்று நூலகத்தில் படித்தேன். நேரே குசினிக்குப் போய், ஞாயிறு மதியம் மிளகாய் படாமல் சமைக்கவேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பெரியப்பாவுக்கோ?" அம்மா சிரித்தார். "பொறு, வடிவாச் செய்யிறன்."

சோறு, பருப்பு, மிளகு அரைத்துவிட்ட மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. அவன் வழியால் வந்த எதுவும் இன்று சாப்பாட்டில் இல்லை என்று நான் அறிவித்தேன். பெரியப்பா வீம்போடு சாப்பிட்டார்.

"பாத்தியே? ஒரு குறையுமில்லை. எங்கட சனம் மிளகிலதான் வாழ்ந்தது."

என் முகம் வாடிவிட்டது. பிறகு தயிர் வந்தது. பெரியப்பாவின் இடதுகை, எப்போதும் சின்னத் தட்டு இருக்கும் இடத்தைத் தானாகத் தடவியது. அங்கே ஒன்றுமில்லை.

"பிள்ளை, ரெண்டு மோர்மிளகாய் பொரியுமன்," என்றார் அம்மாவைப் பார்த்து.

"அது அவன்ட வழியால வந்ததல்லோ, அத்தான்," என்றார் அம்மா.

அண்ணாவுக்குப் புரையேறியது. பெரியப்பா வெறும் தயிர்ச்சோற்றை உண்டு முடித்துவிட்டு எழுந்து கைகழுவப் போனார்.

போட்டியன்று எதிரணிப் பிள்ளை கோயில்கள் இடிக்கப்பட்டதைச் சொன்னபோது மண்டபம் அடங்கிப்போனது. அதை நான் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. அந்தக் காயத்தை என் பெரியப்பாவும் மறக்கவில்லை என்று தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை, தயிர்வரைக்கும், ஒழுங்காகச் சொன்னேன். நடுவர்களே சிரித்துவிட்டார்கள். முன்வரிசையில் முதலாவதாகக் கை தட்டியவர் பெரியப்பா. எல்லோரும் ஓய்ந்த பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார். கோப்பை எங்களுக்கே கிடைத்தது.

திரும்பும்போது பஸ்ஸில், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தேன். பம்பலப்பிட்டி தாண்டும்போது அம்மா கேட்டார்:

"மிளகாயை அவங்கள் கொண்டந்தவங்கள், சரி. அதை மோரில ஊறவைச்சு வெயில்ல காயப்போடச் சொல்லித் தந்ததும் அவங்களோ?"

அம்மா சமையலைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "அது புத்தகத்தில இல்லை அம்மா," என்று சொல்லிவிட்டு, கோப்பையில் என் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன்.