ஷுஷானிக் வீட்டு மீட்டர் ஏன் ஓடவில்லை

ஆர்மீனியாவில் கும்ரி நகரத்தில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றில் நான் இருக்கிறேன். மற்றொன்றில் ஷுஷானிக்கும் அவள் புருஷன் கரேகினும். ஷுஷானிக் ஐந்தடிகூட இருக்கமாட்டாள். ஆனால் அவள் மூன்றாவது மாடியில் தும்மினால் கீழே கடைக்காரன் "நல்லாயிரு!" என்பான்.

நிலநடுக்கத்தில் வீடு இடிந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. அதற்கப்புறம் இருபது குளிர்காலம், வீடிழந்தவர்களுக்குத் தற்காலிகமாகக் கொடுத்த இரும்புப் பெட்டி வீட்டில்தான் ஓடியது. முதலில் அப்பா அம்மாவோடு, பிறகு கரேகினோடு. காலையில் எழுந்தால் தலையணை உறையில் பனி படிந்திருக்குமாம். கோட்டைக் கழற்றாமலே தூங்குவார்களாம். கோட்டுப் பொத்தான் அழுந்திய தடம் மத்தியானம் வரைக்கும் கன்னத்தில் இருக்கும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கை தானாகக் கன்னத்தைத் தடவியது.

அதனால், அரசாங்கம் இந்த வீட்டைக் கொடுத்தபோது அவள் ஒரே ஒரு சபதம் எடுத்தாள். இனிமேல் வீட்டுக்குள் கோட்டுப் போடுவதில்லை. சபதம் எடுப்பது சுலபம். கிடைத்ததோ மூலை வீடு. இரண்டு பக்கச் சுவர் வெளிக்காற்றில். கீழ்வீட்டுக்காரர்கள் ரஷ்யாவுக்குப் போய்விட்டதால் தரையும் ஐஸ். கேஸ் ஹீட்டர் ராப்பகலாக எரிந்தது. பில் வந்த அன்றைக்குக் கரேகின் அதை இரண்டு தரம் படித்தான். கரேகினுக்கு டாக்சி ஓட்டும் வேலை. பேச்சும் டாக்சி மாதிரி, நிற்காது. அன்றைக்கு நின்றது.

பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னான். "ஹீட்டரைக் குறைச்சுக்குவோம், ஷுஷான் ஜான். நீ பேசாம கோட்டைப் போட்டுக்கோ."

"வீட்டுக்குள்ள கோட்டுப் போட்டா அது வீடா? பஸ் ஸ்டாண்டு."

"அப்ப பில்லை யார் கட்டுறது?"

"பில்லும் குறையும், நானும் கோட்டுப் போடமாட்டேன். பார்த்துக்கிட்டே இரு."

மறுநாளே வேலை ஆரம்பித்தது. தேவாலயத்தில் ஏற்றுகிற மெல்லிய மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாகவே நடந்தாள். சுடர் எங்கே சாய்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். ஜன்னல் சட்டத்துக்கடியில் வட்டம், பால்கனிக் கதவில் வட்டம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் குழாய் போகிற ஓட்டையில் வட்டம். "இதென்ன, அம்மை போட்ட மாதிரி வீடு?" என்று நான் கேட்டேன். "இருபத்தி மூணு ஓட்டை, ஸாபெல்! இத்தனை நாளா கும்ரிக் காத்து வாடகை குடுக்காம நம்ம வீட்டுல குடியிருந்திருக்கு!" என்றாள்.

ஷுஷானிக் முன்பு காலுறை ஆலையில் தைத்துக்கொண்டிருந்தவள். ஆலையை மூடியபோது கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக இரண்டு மூட்டை காலுறையைத் தலையில் கட்டிவிட்டார்கள். எல்லாம் ஜோடி சேராத ஒற்றைக் காலுறைகள். இத்தனை வருஷம் சும்மா கிடந்த அந்த மூட்டைகள் இப்போது பிரிந்தன. பழைய மெத்தை ஒன்றைக் கிழித்து ஆட்டு ரோமத்தை எடுத்தாள். ரோமத்தைக் காலுறைக்குள் திணித்து, ஒன்றோடொன்று தைத்து, கை தடிமனில் நீள நீளமாக உருட்டிக் கதவிடுக்குகளில் கிடத்தினாள். வடக்குச் சுவரில் ஒரு கம்பளி ரஜாயைத் தொங்கவிட்டாள். திரைச்சீலைகளுக்கு உள்புறம் பழைய போர்வை வைத்துத் தைத்தாள். ஹீட்டருக்குப் பின்னால் சுவரில் அலுமினியத் தாள் ஒட்டினாள். வெயில் வரும் நேரத்தில் தெற்கு ஜன்னல் திரையை விலக்குவாள், வெயில் போன நிமிஷமே மூடுவாள். சமையலறையில் காற்றுப் போகிற துவாரத்தை மட்டும் தொடவில்லை. "கேஸ் எரியுற வீடு. அதை அடைச்சா நாம நல்லா கதகதப்பாச் செத்துப் போகலாம்" என்றாள்.

கரேகின் சும்மா இருப்பானா? "வாசல்ல ஒண்ணு, பால்கனியில ஒண்ணு, ஜன்னலுக்கு ஜன்னல் ஒண்ணு. எம் பொண்டாட்டி பாம்புப் பண்ணை வச்சிருக்கா, டிக்கெட் போட்டுக் காட்டப்போறேன்" என்று டாக்சியில் ஏறினவர்களிடமெல்லாம் சொன்னான். ஆனால் ஜனவரியில் அவன் பனியன் சகிதம் தாயம் உருட்டிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். என் வீட்டில் நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

அந்த மாதம் அவர்கள் வீட்டு பில் முந்தின வருஷத்தில் பாதிகூட இல்லை. அடுத்த மாதமும் அப்படியே. அப்போதுதான் கேஸ் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தான்.

முஷேக் என்று பெயர். முப்பது வயதிருக்கும். நீள மூக்கு குளிரில் சிவந்திருந்தது. கையில் ஒரு பை, டார்ச். நான் தயிர் இரவல் வாங்கப் போயிருந்த நேரம், நின்றுவிட்டேன். விட்டுவிட்டுப் போக மனசு வருமா?

"அக்கா, உங்க மீட்டர்ல ஏதோ வேலை நடந்திருக்கு" என்றான்.

"என்ன வேலை?"

"காந்தம் வைப்பாங்க. இல்லேன்னா பக்கத்துல தனியா குழாய் போடுவாங்க. இந்தக் குளிருக்கு மூலை வீட்டுல இவ்வளவு குறைச்சலா எரிச்சு யாரும் உயிரோட இருக்க முடியாது."

"நான் உயிரோட இருக்கேனா இல்லையா, தொட்டுப் பாரு."

கரேகின் முகம் வெளுத்துவிட்டது. திருட்டே செய்யாதவன் போலீஸைப் பார்த்ததும் ஓடுகிற மாதிரி, "நான் சத்தியமா ஒண்ணும் பண்ணலை தம்பி" என்று கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான். ஷுஷானிக் அவனை முறைத்தாள். "நீ சும்மா இரு. நீ பேசினா நானே உன்னைச் சந்தேகப்படுவேன்."

முஷேக் மீட்டரைத் துடைத்துப் பார்த்தான். முத்திரை அப்படியே இருந்தது. குழாயைத் தட்டித் தட்டிச் சமையலறை வரைக்கும் போனான். துவாரம் திறந்திருப்பதைப் பார்த்துத் தலையாட்டினான். வடக்குச் சுவரில் தொங்கிய ரஜாயைச் சடக்கென்று விலக்கினான், திருட்டுக் குழாய் அதற்குப் பின்னால்தான் இருக்கவேண்டும் என்பதுபோல. சுவரிலிருந்து குளிர் முகத்தில் அறைந்தது. "மூடு தம்பி, மூடு!" என்று மூன்று பேரும் கத்தினோம். அவனே அவசரமாக மூடினான்.

அப்புறம் பால்கனிக் கதவடியில் கிடந்த உருளையைக் காலால் தொட்டுப் பார்த்தான். கண் பளிச்சிட்டது.

"இதுக்குள்ள என்ன?"

"ரோமம்."

"குழாய் மாதிரி இருக்கே."

"சந்தேகமா இருந்தா கிழிச்சுப் பாரு. ஆனா தைச்சுக் குடுத்துட்டுத்தான் போகணும்."

அவன் உண்மையிலேயே கீழே உட்கார்ந்து பேனாக்கத்தியை எடுத்துக் கிழித்தான். பொலபொலவென்று ஆட்டு ரோமம் அவன் மடியில் கொட்டியது. ஷுஷானிக் ஊசியையும் நூலையும் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். கேஸ் அலுவலக அதிகாரி தரையில் சம்மணம் போட்டுக் காலுறை தைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தையல் கோணல். உன் பொண்டாட்டி பாவம்" என்றாள் ஷுஷானிக்.

"அவ என்னைத் தைக்கச் சொன்னதே இல்லைக்கா."

"ஏன்னு இப்பத் தெரியுது."

ஆனாலும் விதிப்படி ஒரு மணி நேரம் மீட்டர் ஓடுவதைப் பார்க்கவேண்டும் என்றான். சரி என்று சோபாவில் உட்காரவைத்து, தயிரும் கோதுமையும் போட்டுக் கொதிக்கவைத்த கஞ்சி ஒரு கிண்ணம் கொடுத்தாள். குடித்தான். கோட்டைக் கழற்றினான். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரையும் கழற்றினான். அப்புறம் நீள மூக்கு மார்பில் சரிந்தது. கரேகின் சைகை காட்டினான், எழுப்பவா என்று. "விடு. பாவம், நாள் பூரா பனியில அலையுறான்" என்று அவள் வாய்க்குள்ளேயே சொன்னாள். அவள் வாய்க்குள் பேசி அதுவரை நான் கேட்டதே இல்லை.

எழுந்ததும் வெட்கத்தோடு மீட்டரைப் போய்ப் பார்த்தான். முள் நகர்ந்திருந்தது, கஞ்சத்தனமாக. பையிலிருந்து படிவத்தை எடுத்து நிரப்பினான். ஒரு இடத்தில் பேனா நின்றது.

"என்ன தம்பி?"

"பில் குறைஞ்சதுக்குக் காரணம் எழுதணும். திருட்டு, மீட்டர் கோளாறு, ஆள் இல்லாத வீடு, இந்த மூணுதான் இருக்கு. உங்களுக்கு எதை எழுத?"

"உள்ளதை எழுது" என்றாள்.

அவன் யோசித்தான். மூன்றையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் 'வீட்டுக்காரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அலுவலகத்தில் அதை வைத்து ஒரு வாரம் சிரித்தார்களாம். மேலதிகாரி மட்டும் சிரிக்காமல், அந்த அம்மாவின் விலாசம் என்ன என்று கேட்டாராம். அவர் வீடும் மூலை வீடு.

இரண்டு வாரம் கழித்து முஷேக் மறுபடியும் வந்தான். பை இல்லை, டார்ச் இல்லை. கையில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி. "அக்கா, எங்க வீட்டுக்கு ஒருதடவை வரணும். பெரிய ஹீட்டர் வாங்கிப் போட்டும் குளிருது. குழந்தை ராத்திரியெல்லாம் இருமுறா."

கரேகின் டாக்சியில் நாங்கள் மூன்று பேரும் போனோம். முஷேக்கின் மனைவி லுசபெர் கதவைத் திறந்தாள். ஷுஷானிக் உள்ளே நுழைந்து நடுக்கூடத்தில் நின்றாள். மெழுகுவர்த்தியை எடுக்கவே இல்லை. ஹீட்டருக்கு முன்னால், அதை ஒட்டி, ஆளுயர முதுகு வைத்த பெரிய சோபா ஒன்று கிடந்தது.

"தம்பி, சூடு பூராவும் இந்த மகாராணிதான் குடிக்கிறா. நகர்த்து."

லுசபெர் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஊர்ல எல்லார் வீட்டுலயும் போய்த் திருடனைத் தேடுறார்! மூணு வருஷமா நம்ம சூட்டைத் திருடுனது இங்க உட்கார்ந்திருக்கு, இவரும் அது மேலதான் உட்கார்ந்திருக்கார்!"

முஷேக்கும் கரேகினும் மூச்சு வாங்க சோபாவை எதிர்ச்சுவருக்குத் தள்ளினார்கள். அடுத்து ஷுஷானிக் குழந்தையின் அறைக்குப் போனாள். கட்டில் வெளிச்சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. "பொண்ணு தூங்குறது இந்தப் பக்கம் முகத்தை வச்சா?" என்று லுசபெரைக் கேட்டாள். ஆமாம் என்றாள். ஷுஷானிக் கட்டிலின் ஒரு முனையைத் தானே பிடித்து இழுத்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். உள்சுவர்ப் பக்கம், சமையலறை அடுப்புக்குப் பின்புறமாக, போட்டோம். செலவு ஒன்றும் இல்லை.

லுசபெர் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. நாங்கள் உருளைக்கிழங்கும் ஊறுகாய் முட்டைக்கோசும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குழந்தை புதிய இடத்தில் கிடந்த கட்டிலில் ஏறிக் குதித்துப் பார்த்தது. பிறகு மல்லாந்து படுத்தது. நாங்கள் கிளம்பும்போது போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.