மலைப் பஸ்ஸில் ஒரு கொரிய நாடகம்

போன வருடம் சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறு வாரம், சேலத்திலிருந்து ஏற்காடு போகும் காலை பஸ்ஸில் நடந்தது இது. ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் எனக்கு ரிசப்ஷன் வேலை. தினமும் மலையேறி இறங்குகிறவள். ஜன்னலோர சீட் கிடைக்க வேண்டும், யாரும் என்னோடு பேசக் கூடாது, என் ஆசை அவ்வளவுதான்.

அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்ததோ ஒரு வாயாடிப் பெண். ஏற்காட்டுப் பக்கம் கிளியூர்க்காரி, சேலத்தில் நர்ஸிங் படிக்கிறாளாம். செல்போனில் தமிழில் பேசும் கொரிய நாடகம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, எனக்கும் சேர்த்துக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். விவாகரத்து ஆன புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஆபீஸில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். லிஃப்டில் சண்டை, கேன்டீனில் சண்டை. கேட்கக் கேட்க எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடிவாரத்தில் பஸ் நின்றது. ஏறியவர்களில் என் முன்னாள் கணவரும் இருந்தார்.

அவர் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எப்போதும் பைக்கில் போகிறவர், அன்றைக்கு என்னவோ பஸ்ஸில் வந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றார். காலியாக இருந்தது எனக்கு முன்னால் இருந்த ஒரே ஒரு சீட்தான். தலையைக் குனிந்துகொண்டு அதில் உட்கார்ந்தார்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு எங்களுக்குள் சண்டைகூட வரவில்லை. அவளுக்கு அவருடைய கண், என்னுடைய வாய். ஒருவரை ஒருவர் பார்த்தால் அவள்தான் தெரிவாள். சாப்பாடு இறங்காது. முடிந்தவரை இருந்து பார்த்துவிட்டு, இரண்டு பேரும் சம்மதித்தே பிரிந்தோம். திருவிழாவுக்கு முன்னால்தான், மறுபடி சேர்ந்து வாழலாமா என்று தன் அக்கா மூலம் கேட்டு அனுப்பியிருந்தார். வேண்டாம் என்றால் அவர் உடைந்துபோவார். சரி என்றால் நான் உடைந்துபோவேன். பதில் சொல்லத் தைரியம் இல்லாமல், அந்த அக்காவின் போனையே எடுக்காமல் இருந்தேன்.

இதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரிக்கு எங்கே தெரியும்? அவள் குரல் இன்னும் ஏறியது.

"ரெண்டு பேருக்கும் மனசுக்குள்ள ஆசை இருக்குதுங்க அக்கா. வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறாங்க!"

விடியற்காலையில் சேலம் மார்க்கெட்டில் பலாப்பழம் இறக்கிவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா, பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "அதுகளுக்குக் கொழந்த இருக்குதா கண்ணு?"

"இல்லீங்க."

"கொழந்த இருந்தா அதுக்காவது சேரலாம். அதுவும் இல்லீன்னா என்னத்துக்குச் சேரோணும்?"

முன்னால் அவருடைய தலை இன்னும் தாழ்ந்தது.

"சேர்த்து வெச்சிருங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டரும் பஞ்சாயத்தில் சேர்ந்துகொண்டார். பஸ்ஸில் ஒரே சிரிப்பு.

அந்தப் பெண் என் கையைத் தொட்டாள். "நீங்க சொல்லுங்க அக்கா, அவங்க சேரலாமா, கூடாதா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தப்பித்திருக்கலாம். ஆனால் முன் சீட்டில் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் பதிலுக்குத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

"பாசம் இல்லாம இல்ல கண்ணு. ஆனா பார்த்தாலே அழுகையா வருது. அப்பறம் எப்படி ஒரே ஊட்டுல இருக்கறது? முடியாது" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஐயோ அக்கா, இதுல யாருமே அழுவலீங்களே! இது நொம்பக் காமெடியான நாடகமுங்க!"

மறுபடி சிரிப்பு. அப்போதுதான் அவர் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. கோபம் துளிகூட இல்லை. என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டிவிட்டு அவளிடம், "அந்த அக்கா சொல்றது நெசந்தான் சாமி" என்றார்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ஸ்டாப் வந்ததும் அவரும் எழுந்து, நான் இறங்க வழிவிட்டு நின்றார். "எங்க அக்காகிட்டச் சொல்லிர்றேன், இனிமே உனக்குப் போன் வராது. நேரத்துக்குச் சாப்புடு" என்று சொல்லிவிட்டு, அவரும் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். நான் லாட்ஜுக்குப் போய், அறை கேட்டு வந்தவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசினேன். மத்தியானம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன்.

பிரிந்துபோக யாராவது ஒருவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை என்று அன்று புரிந்தது. ஆனாலும், சொல்லாமலே என்னை இவ்வளவு புரிந்துகொள்கிற மனிதரோடுகூட என்னால் வாழ முடியவில்லையே என்பது, இன்றும் அந்த மலையேறும்போதெல்லாம் நெஞ்சை அறுக்கிறது.