ஒலந்தினா சுருட்டாத பாய்

1999 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலை, ஒலந்தினாவின் தம்பி அனக்லெத்தோ லாரியில் ஏறி நாட்டின் எல்லைக்கு அந்தப் பக்கம் போனான். ஊரில் புகை இன்னும் அடங்கியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு செபெரினோவின் கூரையில் மண்ணெண்ணெய் ஊற்றியது அவன் கைதான். ஊரைக் கொளுத்த வந்த ஆயுதக் குழு உத்தரவு போட்டது, அவன் செய்தான். லாரி நகரும்போது ஒலந்தினா பின்னாலேயே ஓடி, அவித்த சோளப் பொட்டலம் ஒன்றை அவன் மடியில் எறிந்தாள். திட்டிக்கொண்டேதான் எறிந்தாள்.

சாலையோரம் காப்பியும் வாழைக்காய் வறுவலும் விற்பவள் ஒலந்தினா. அவள் பேச ஆரம்பித்தால் சேவல்கூடத் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். யார் சண்டை போட்டுக்கொண்டு அவள் கடைக்கு வந்தாலும் ஒரே கேள்விதான்: "சரி, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" ஆடு மேய்ந்த வழக்கு தாத்தா காலத்து ஆட்டில் போய் நிற்கும். அதற்குள் காப்பி ஆறிவிடும், பாதிக் கோபமும் ஆறியிருக்கும்.

சண்டை ஓய்ந்தபின் ஓடிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அவர்களுக்காக ஊரில் பாய் விரித்தார்கள். தப்பு செய்தவனும் பட்டவனும் எதிரெதிரே உட்கார்ந்து, மனதில் உள்ளதையெல்லாம் கொட்டி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் பாயைச் சுருட்டிவிடலாம். அத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. விரித்த பாய் விரித்தபடி கிடந்தால் இரண்டு வீட்டிலும் கல்யாணம் நடக்கக் கூடாது. அந்த மலை ஊர்களில் அதுதான் வழக்கம்.

அனக்லெத்தோ மட்டும் வரவில்லை. பயம். பொறுத்துப் பார்த்த ஒலந்தினா ஒருநாள் தன் முற்றத்தில் தானே பாயை விரித்தாள். தம்பியின் பழைய சட்டையை மடித்து அவன் இடத்தில் வைத்துவிட்டு செபெரினோவைக் கூப்பிட்டாள். என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று அவரும் வந்து உட்கார்ந்தார்.

"சட்டைகிட்டயா நியாயம் கேக்கச் சொல்ற?" என்று கேட்டுவிட்டு எழுந்தார்.

பிந்தி வந்த ஊர்ப்பெரியவர் தலையைச் சொறிந்தார். பட்டவன் உட்கார்ந்துவிட்டான், இனி தப்பு செய்தவன் நேரில் வராமல் சுருட்ட முடியாது என்றார். செபெரினோவின் மகள் தொமித்தில்லா அப்போது பால் பல் விழுந்த குழந்தை. அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாய் கிடந்தது. மழைக்கு ஒலந்தினா மேலே ஓலைக் கூரை போட்டாள். கோழிகள் அதில் தூங்கின. மாலையானால் செபெரினோ வந்து, தன்னை மாட்டிவிட்டதற்காக அவளைத் திட்டுவார். அவள் காப்பி கொடுப்பாள். கொஞ்ச நாளில் காப்பி இல்லாமல் அவருக்குத் திட்ட வரவில்லை.

ஒருநாள் அவரிடமும் கேட்டாள். "எரிக்கிறதுக்கு முன்னாடி என்னண்ணே நடந்துச்சு?"

கோப்பையைக் கீழே வைத்தார். "பன்னிப் பட்டியத் தெறந்துவிட்டான். ஒரு குட்டி வரமாட்டேன்னு அடம் புடிச்சுது. அதத் தூக்கிட்டுப் போயி வெளிய விட்டுட்டு வந்துதான் கொளுத்தினான். நான் வாழத் தோட்டத்துல ஒளிஞ்சு பாத்துக்கிட்டிருந்தேன்."

"இத ஏன் இத்தன வருசமா சொல்லல?"

"சொல்லிட்டா, அப்புறம் யாரத் திட்டுறது?"

ஒலந்தினா அவருக்கு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினாள்.

அதற்காக அவர் மன்னித்துவிடவும் இல்லை. பன்றி பிழைத்தது சரி, வீடு போனது போனதுதானே என்பார்.

தொமித்தில்லா வளர்ந்தாள். மாப்பிள்ளையும் அமைந்தான். பாய் கிடக்கும்வரை கல்யாணப் பேச்சே கூடாது என்று பெரியவர் கையை விரித்துவிட்டார். தொமித்தில்லா பாதி நாள் ஒலந்தினாவின் அடுப்படியில் வளர்ந்த பெண். இப்போது வந்து ஒன்றும் பேசாமல் வாழைக்காய் சீவிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதைத்தான் ஒலந்தினாவால் தாங்க முடியவில்லை.

மறுநாள் செபெரினோவின் கண்ணெதிரே கோழிகளை விரட்டிவிட்டு, குனிந்து பாயின் ஓரத்தைப் பிடித்தாள். கணக்கு முடியாத பாயைச் சுருட்டினால் சுருட்டியவளுக்குத் தோஷம்; தம்பி இந்த ஊருக்குள் வரும் வழி அடைந்துபோகும். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"தோசம் வந்தா என் தலையோட போகட்டும்ணே. புள்ள கல்யாணம் நடக்கட்டும்."

இரண்டு சுற்று சுற்றியிருப்பாள். செபெரினோ செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் இழுத்துப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

"விடு. நான் இன்னும் பேசி முடிக்கல" என்றார்.

விடிந்தபோது அவர் வீட்டில் இல்லை. நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு, வெற்றிலைப் பையோடு எல்லைச் சந்தைக்குப் போயிருப்பதாகவும், கல்யாணத்துக்குப் பன்றி வாங்கத்தான் என்றும் தொமித்தில்லா சொன்னாள். ஒரு வாரம் தகவலே இல்லை. பன்றி வாங்க இத்தனை நாளா என்று ஒலந்தினா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள்.

பிறகு தொமித்தில்லா கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தெரியாத எண்ணிலிருந்து ஒரு சேதி. அந்தப் புதன்கிழமை லாரி போய்ப் பதினைந்து வருடம் கழிந்திருந்தது. அவள் வாசித்தாள், ஒலந்தினா மாவுக் கையோடு கேட்டாள்:

"ஒலந்தினாகிட்ட சொல்லு. பன்னி கெடைக்கல. அவ தம்பி கெடச்சான். கூட்டிட்டு வர்றேன். பாயில கோழி எச்சம் இருக்கும், தொடச்சு வைக்கச் சொல்லு."