பூட்டிய வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, செங்கல்பட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. எனக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் தூக்கம்தான் வந்தது.

எங்கள் சபைப் பெண்கள் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பார்கள். கர்த்தர் அந்த வாரம் செய்த நன்மையை ஆளுக்கொரு சாட்சியாகச் சொல்ல வேண்டும். மீன் விற்கும் அக்கா ஒருவர் எழுந்தால் அரைமணி நேரம் உட்கார மாட்டார். எனக்கோ சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த வாரம் பார்த்து முறை என் வீட்டுக்கு வந்தது. செய்யூரில் அம்மா வீட்டுக்கு அவசரமாகப் போகிறேன் என்று பாஸ்டரம்மாவிடம் போனில் புளுகினேன். மாமல்லபுரத்துக்கு வேலைக்குக் கிளம்பிய கணவரிடம், வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப் போகச் சொன்னேன். “உனக்கு இன்னா பைத்தியமா?” என்று கேட்டுக்கொண்டே பூட்டினார்.

குக்கரில் கொண்டைக்கடலையை வைத்துவிட்டுப் படுக்கையறையில் கிடந்தேன். வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. “வூடு பூட்டிகீது, தெரிஞ்சதுதான? இந்த வூட்டுக்காகத்தான் இன்னிக்கு ஜெபம். படியிலயே ஒக்காருங்க” என்றார் பாஸ்டரம்மா. 

பிரயாணத்தில் இருக்கும் பிள்ளையைக் காத்தருளும் ஆண்டவரே என்று அவர் உருகும்போது முதல் விசில் வந்தது. ஜெபம் நின்றது. மறுபடி தொடங்கியதும் இரண்டாவது வந்தது. அப்புறம் மூன்றும் நான்கும். அடிப்பிடித்துவிடுமே! சமையலறைக்குப் போக ஹாலைத் தாண்ட வேண்டும். ஹால் ஜன்னலோ திறந்து கிடந்தது. தரையோடு தரையாகத் தவழ்ந்தேன், ஐந்தாவது விசிலும் வந்தது. பாதி வழியில் தலையைத் தூக்கினால், ஜன்னல் முழுக்க முகங்கள்.

“செய்யூரு போய்ட்டு வந்துட்டியா?” என்றார் மீன்காரக்கா. “அஞ்சு விசிலு ஆயிடுச்சு. மொதல்ல அடுப்ப நிறுத்து.”

நிறுத்திவிட்டு வந்து ஜன்னல் கம்பி ஓரமாக நின்றேன். கதவைத் திறக்கச் சாவியும் இல்லை, ஓடி ஒளிய இடமும் இல்லை. பாஸ்டரம்மா திட்டவில்லை. “சாட்சி நேரம். வூட்டுக்காரம்மா மொதல்ல சொல்லட்டும்” என்றார்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “வேலை கெடைக்கல. ஜெபமும் வரல. உங்க மூஞ்சில முழிக்க வெக்கமா இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன். இதான் என் சாட்சி.”

மீன்காரக்கா கம்பிக்குள் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “எனக்கும் மூணு மாசமா ஜெபம் வர்ல பா. அத்த மறைக்கத்தான் அவ்ளோ நேரம் பேசிகினு இருந்தேன்.”

அப்புறம் யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, பாஸ்டரம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று ஒவ்வொருவரும் வீட்டு வருத்தத்தை இரண்டு வரியில் சொல்லி முடித்தார்கள். கூழாகிப்போன கடலையைத் தாளித்து, கம்பி வழியாகக் கரண்டியால் அவரவர் உள்ளங்கையில் வைத்தேன். உப்பு போட மறந்திருந்தேன், யாரும் சொல்லவில்லை. அவர்கள் போனதும் முழங்கால் போட்டேன். தூக்கம் வரவில்லை.

வேலை கிடைக்க இன்னும் நாலு மாதம் ஆனது. ஆனாலும் மனம் சோர்ந்து ஆண்டவரிடமிருந்தே ஒளிந்துகொள்ளத் தோன்றும் நாட்களில், பூட்டைப் பார்த்த பிறகும் திரும்பிப் போகாமல் என் வாசல்படியில் உட்கார்ந்த அந்தப் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களை அனுப்பியவரும் அதே படியில்தான் எனக்காகக் காத்திருந்தார் என்று நம்புகிறேன்.