கீழ்த்தாடை

பேசும் பொம்மை செய்கையில் கீழ்த்தாடையை நான் கடைசியில்தான் அறுப்பேன். பொம்மை செய்யச் சொன்னவர் என் எதிரில் அமர்ந்து, உதடு அசையாமல் பேசிக்காட்ட வேண்டும். அவருடைய பேச்சின் வேகத்தைப் பார்த்தே பொம்மையின் வாய் எவ்வளவு திறக்க வேண்டுமென்று முடிவு செய்வேன். சிலைக்குக் கண் திறப்பதைப் போல, நீறணிந்து ஒரு பதிகம் பாடிய பிறகே மரமறுக்கும் வாளை எடுப்பேன்.

போடியில் ஏலக்காய் தரம்பிரிக்கும் என் நண்பர், திருவிழாக்களில் பொம்மையைப் பேசவைத்துப் பெயர் பெற்றவர். புதுப் பொம்மைக்குச் சொல்லிவைத்த பிறகு, புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சென்ற தை மாதம் மனைவியோடு வந்தார்.

"வாயை அறுத்துருங்கண்ணே. பொம்மை கைக்கு வந்தா இவருக்குப் பேச்சு தன்னால வந்துரும்" என்றார் அந்த அம்மா.

என் நினைவிலிருந்த அவர் பேச்சை வைத்தே அறுத்தேன். நண்பர் பொம்மையை மடியில் இருத்திக் கயிற்றை இழுத்தார். வாய் திறந்தது, குரல் எழவில்லை. மனைவி சட்டென்று பொம்மை பேசுவதுபோல் கீச்சுக்குரலில், "யோவ் மாப்ளே, வாய்க்குள்ள ஏலக்காயை ஒதுக்கிருக்கியா? பேசவே மாட்டேங்குற!" என்றார். நண்பர் ஓசையின்றிச் சிரித்தார். பிறகு கயிற்றை மனைவியின் விரலில் மாட்டப் போனார்.

மனைவி கையை இழுத்துக்கொண்டார். "இது ஒங்க சோலி. நீங்கதான் பேசணும்."

நண்பர் பொம்மையைப் பலகையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அந்த அம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனார்.

தினமும் பூசையில் அமர்கிறேன். நண்பருக்காக இறைவனிடம் எதைக் கேட்பதென்று இன்றும் தெரியவில்லை.