இடுக்கில்லாத சுவர்

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆசாரிக்கு நெடிய உடம்பு, கூன் விழுந்த தோள். எந்தச் சுவரில் கை வைக்குமுன்னும் கன்னத்தை அதில் ஒட்டிச் சூடு பார்ப்பார்.

என் கணவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் வீட்டின் மேற்குச் சுவர் இரட்டைப் பலகைச் சுவர். பிற்பகல் வெயிலில் அந்த அறை கொதிக்கும். என் ஆறு மாதக் குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குருவோடு அழும். என் கணவர், தோட்டத்து மேலாளரான துரையிடம் கேட்டு, சூட்டைத் தடுக்கக் கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த அட்டைகளைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார். சுவரின் உள்ளே இருந்த இடமோ இரண்டு விரல் அகலம்தான்.

“ஒரு அட்டை போதும்மா. வெளிப்பலகைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு விரல் காத்து ஓடணும்” என்றார் ஆசாரி.

“இடுக்கு விட்டா சூடும் வரும், எலியும் வரும். ரெண்டு அட்டையா வச்சு அடைச்சிடுங்க.”

“எலி வந்தா அடிச்சிடலாம் கிராணியம்மா. ஈரம் வந்தா எதால அடிக்கிறது?”

நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் அடைத்துக் கொடுத்தார்.

மார்கழி மழையில் வெளிப்பலகையின் ஈரத்தை அட்டைகள் குடித்தன. உட்சுவரெங்கும் கரும்பூஞ்சை. குழந்தைக்கு இருமல் பிடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. என் கணவர் ஆசாரியைக் கூப்பிட்டு, “உனக்கு வேலை தெரியுமா, தெரியாதா?” என்று கத்தினார்.

“என் தப்புதாங்க” என்றார் அவர். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மறுவாரம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அட்டைகளைப் பிடுங்கியாகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்து மாற்றி மாற்றிக் கொடுக்கிறார், இருமல் நிற்கவில்லை. ஆசாரி பயந்துதான் அப்படிச் சொன்னார் என்று நினைத்துக்கொள்ள முயல்கிறேன். என்மேல் இரங்கிச் சொல்லியிருந்தால், எனக்குத் தாங்காது.